புதுப்பிப்பு: மரத்தில் செய்த போக்கர் வில்லைகள், இந்த முறை வெடிக்கவில்லை

போன மாதம் வேப்பங்கிளையைக் குறுக்கே அறுத்துப் போக்கர் வில்லைகள் (போக்கர் சீட்டாட்டத்தில் பணத்துக்குப் பதிலாக வைக்கும் வட்டுகள்) செய்ததையும், பாதிக்கு மேல் ஒரே வாரத்தில் வெடித்ததையும் எழுதியிருந்தேன். "காயாத மரம்" என்று பலர் சொன்னீர்கள். அது பாதிக் காரணம்தான். காயும்போது மரம் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதைவிட, ஆண்டு வளையத்தின் போக்கில் ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். நடுத்தண்டோடு அறுத்த வட்டு பெரும்பாலும் வெடிக்கத்தான் செய்யும்.

சரி என்று பலகைக்கு மாறினேன். 4 மி.மீ. தடிப்புக்கு இழைத்த பழைய தேக்கு, பலா, ஈட்டித் துண்டுகளில் ஹோல் சா (துளைப்பானில் மாட்டும் வட்ட ரம்பம்) வைத்து வட்டுகள் எடுத்தேன். நடுவில் விழும் 6 மி.மீ. துளையை வேறு நிற மரக்குச்சியால் அடைத்துத் தேய்த்தேன். எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பொட்டுதான். சாயமே வேண்டாம், மரத்தின் நிறமே வில்லையின் மதிப்பைக் காட்டும்: பலா 1, தேக்கு 5, ஈட்டி 25. பலாவின் மஞ்சள் நிறம் வெளிச்சம் பட்டால் பழுப்பேறும், மூடிய பெட்டியில் வையுங்கள்.

எடைதான் குறை. 39 மி.மீ. தேக்கு வில்லை 3 கிராம்தான் வருகிறது. கேசினோ வில்லைகள் 8.5 முதல் 10 கிராம்.

அப்புறம், மெருகுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினால் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானே தீப்பிடிக்கக்கூடும். வெளியே விரித்துக் காயவிடுங்கள்.