துணையலகுச் சார்பின் இரண்டாம் வகைக்கெழு: எனக்கு 3, விடைப்பக்கத்தில் 3/4

கேள்வி:
பிளஸ் ஒன் படிக்கிறேன், தமிழ் மீடியம். எக்ஸ் = டி², ஒய் = டி³; இரண்டையும் இணைக்கும் டி-தான் துணையலகு. டி = 1-ல் இரண்டாம் வரிசை வகைக்கெழு கேட்டிருக்கிறார்கள். முதல் வகைக்கெழுவுக்கு 3டி²-ஐ 2டி-ஆல் வகுத்தேன். 3டி/2, அது சரி. அதே மாதிரி ஒய்-யை இரண்டு தடவை வகையிட்டால் 6டி, எக்ஸை இரண்டு தடவை வகையிட்டால் 2. வகுத்தால் 3டி, அதாவது 3. விடைப்பக்கத்தில் 3/4 என்று இருக்கிறது. நாளை மறுநாள் தேர்வு, யாராவது சொல்லுங்கள்.

பதில் 1:
தம்பி, புத்தகம் சரி. முப்பது வருடம் பிளஸ் ஒன்னுக்குக் கணக்கு எடுத்தவன் நான். வருடா வருடம் விடைத்தாளில் பார்த்த தவறு இது. இரண்டாம் வகைக்கெழு என்றால், முதல் வகைக்கெழுவை மறுபடி எக்ஸைப் பொறுத்து வகையிடுவது. உன் கையில் இருப்பதோ 3டி/2, அதில் எக்ஸே இல்லை. அதனால் சங்கிலி விதி: டி-யைப் பொறுத்து வகையிடு, 3/2. அதை எக்ஸின் வகைக்கெழுவான 2டி-ஆல் வகு. 3/(4டி). டி = 1 என்றால் 3/4.

சந்தேகமிருந்தால் டி-யை நீக்கிப் பார். ஒய் என்பது எக்ஸின் 3/2 அடுக்கு. நேராக இரண்டு முறை வகையிட்டாலும் அதே 3/4-தான் வரும்.

பதில் 2:
ஐயா சொன்னதோடு ஒன்று. எக்ஸ் = டி, ஒய் = டி² என்று எடுத்துக்கொள். இது வெறும் ஒய் = எக்ஸ்², இரண்டாம் வகைக்கெழு 2. உன் முறையில் போனால் 2-ஐப் பூச்சியத்தால் வகுக்க வேண்டிவரும்! முதல் வகைக்கெழுவில் பின்னம் மாதிரி அடித்துவிட முடிகிறது, இரண்டாவதில் முடியாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி சார், நன்றி அண்ணா. சைக்ளாய்டு (உருளும் சக்கரத்தின் விளிம்பில் உள்ள புள்ளி வரையும் வளைவு) கணக்கையும் போட்டேன்: எக்ஸ் = ஏ(தீட்டா − சைன் தீட்டா), ஒய் = ஏ(1 − காஸ் தீட்டா). முதல் வகைக்கெழு காட்(தீட்டா/2). தீட்டா = பை-யில் இரண்டாவது −1/2 என்று எழுதி, பிறகுதான் வகுக்க மறந்தது தெரிந்தது. அங்கே எக்ஸின் வகைக்கெழு 2ஏ. விடை −1/(4ஏ). சரியா?

பதில் 1:
சரி தம்பி. அந்த இடம் வளைவின் உச்சி, அதனால்தான் குறை குறி. தேர்விலும் வகுக்கும் அந்த வரியைத் தனியாக எழுது. அதற்கு மதிப்பெண் உண்டு.