அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன்: காலையில போயி சாயங்காலமே வந்துரலாமா?

கல்லிடை மகள்:
அப்பாவுக்கு 71 வயசு, கல்லிடைக்குறிச்சியில தனியா இருக்காங்க. வலது கண்ணுல புரை முத்திட்டு, வர்ற வியாழக்கிழமை திருநெல்வேலியில ஆபரேஷன். காலையில வந்தா சாயங்காலமே வீட்டுக்குப் போயிரலாம்னு சொல்லிட்டாங்க. நான் செவ்வாய் ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ்ல கிளம்பி வாரேன். சுகர், பிரஷர் மாத்திரை உண்டு. இன்னும் என்னென்னவோ ஒரு டப்பா நிறைய வச்சிருக்காங்க. சாப்பிட்டுப் போகணுமா, வெறும் வயித்திலயா? திரும்பி வர பஸ் போதுமா? குற்றாலத்துல சீசன் வேற ஆரம்பிச்சுட்டு. மறுவாரமே அருவிக்குப் போற நினைப்புல இருக்காங்க.

வி.கே.புரத்தான்:
திரும்புறதுக்கு கார் பிடிச்சிருங்க. அத்தையை பஸ்ல கூட்டிட்டு வந்து ஜன்னல் தூசியில பட்ட பாடு போதும். சாப்பாட்டைப் பத்தி இங்க கேக்காதீங்க, ஆஸ்பத்திரியில கேளுங்க. அத்தையை இட்லி சாப்பிட்டு வரச் சொன்னாங்க, பக்கத்துக் கட்டில் பெரியவரை வெறும் வயித்துல வரச் சொன்னாங்க. காலையில சுகர் மாத்திரை போடலாமான்னும் சேர்த்துக் கேட்டுக்கோங்க.

அம்பை அண்ணாச்சி:
தாயி, நான் ரெண்டு கண்ணும் பண்ணுனவன். அந்த மாத்திரை டப்பாவை அப்படியே தூக்கிட்டுப் போ, முதல் வேலை அதுதான்.

முதல் கண்ணுக்குப் போனப்ப, 'மூத்திரத்துக்கு மாத்திரை ஏதும் போடுதியளா?'ன்னு டாக்டரம்மா கேட்டாவ. பக்கத்துல மருமக நின்னுட்டு இருந்தா. வெக்கப்பட்டுக்கிட்டு இல்லைன்னுட்டேன். டாம்சுலோசின் வருசக்கணக்கா போட்டுட்டு இருந்தேன். அந்த மாத்திரை போட்டா சொட்டு மருந்து ஊத்தி விரிச்ச கண் பாப்பா, ஆபரேஷன் நடக்கும்போதே சுருங்குமாம். எனக்குச் சுருங்கிட்டு. கொக்கி மாதிரி என்னத்தையோ மாட்டி விரிச்சு வச்சுப் பண்ணுனாவ. பதினஞ்சு நிமிச வேலை முக்கா மணி நேரமாச்சு. மறுநாள் நான் வாங்குன ஏச்சு இருக்கே! ரெண்டாவது கண்ணுக்கு முதல்லயே சொன்னேன், சுளுவா முடிஞ்சிட்டு. நாலு நாள் நிறுத்திட்டுப் போனாலும் அந்தச் சுருக்கம் போகாதாம், அதனால சொல்லுறது ஒண்ணுதான் வழி. ரத்தம் உறையாம இருக்கப் போடுற மாத்திரையையும் நீங்களா நிறுத்திராதீய.

வலின்னு பெருசா ஒண்ணும் இல்லை. மூஞ்சியை மூடி, கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்ட துணியைப் போடுவாவ. ஆத்துல முங்கி, தண்ணிக்குள்ள கண்ணைத் திறந்து சூரியனைப் பாத்தா எப்படி இருக்கும்? அப்படித்தான் தெரிஞ்சுது. இருமல் வந்தா முன்கூட்டியே சொல்லிரணும், தலையை ஆட்டப்படாது.

முந்தின நாளே தலைக்கு ஊத்திரச் சொல்லு. அப்புறம் அவுக சொல்லுத வரைக்கும் கழுத்துக்குக் கீழதான் குளியல். நெத்திக்குத் திருநீறும் வேண்டாம். நான் மறுநாள் பழக்கத்துல மூணு விரலால அள்ளிப் பூசுனேன், பொலபொலன்னு இமையில உதிர்ந்துட்டு. சொட்டு மருந்து எனக்கு முதல் வாரம் ஆறு வேளை, அப்புறம் வாரத்துக்கு ஒண்ணா குறைச்சு ஆறு வாரம். வயசானவுகளுக்கு விடத் தெரியாது, கன்னத்துல ஊத்திக்கிடுவாவ. யாராவது பக்கத்துல இருக்கணும்.

அருவியை இந்த சீசனுக்கு மறந்துரச் சொல்லு. அந்தத் தண்ணி கண்ணுக்குள்ள போயி சீழ் பிடிச்சா பார்வைக்கே மோசம். வலி கூடுனாலோ, கண்ணு சிவந்து பார்வை மங்குனாலோ ராத்திரின்னும் பாக்காம ஓடிரணும்.

கல்லிடை மகள்:
நன்றி அண்ணாச்சி. போன்லயே டப்பாவைத் திறக்கச் சொல்லி ஒவ்வொரு அட்டையா வாசிக்கச் சொன்னேன். அஞ்சாவது அட்டை டாம்சுலோசின். 'மூத்திர மாத்திரைக்கும் கண்ணுக்கும் என்னட்டி சம்பந்தம்?'னு கத்துறாங்க. ஆஸ்பத்திரிக்குச் சொல்லியாச்சு, சீட்டுல குறிச்சுக்கிட்டாங்க. ஒரு வாரம் லீவு போட்டுருக்கேன், மிச்ச நாள் சொட்டு மருந்துக்கு எதுத்த வீட்டு மதினியைக் கேட்டுருக்கேன். அருவி விஷயத்தை இன்னும் சொல்லலை.