பெரியப்பாவுக்குத் தான்ஷென் கஷாயம் கொடுக்கலாமா?

பெரியம்மா: எதிர்வீட்டுச் சீனப் பாட்டி தோ பாயோ மருந்துக் கடையிலிருந்து ஒரு பொட்டலம் வாங்கி வந்து கொடுத்தார். தான்ஷென் வேராம், இதயத்துக்கு நல்லதாம். கொதிக்க வைத்து உங்கள் பெரியப்பாவுக்குக் கொடுக்கட்டுமா?

சித்தப்பா: கொடுங்கள் அண்ணி. வேர்தானே, என்ன செய்துவிடும்? ஆன்டிஆக்சிடன்ட் நிறைய இருக்கிறதாம்.

தேவி: வேண்டாம் பெரியம்மா! அடுப்பில் வைத்திருந்தால் இறக்கிவிடுங்கள். இதய வால்வு மாற்றியதிலிருந்து பெரியப்பா ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார் அல்லவா?

பெரியம்மா: இன்னும் வைக்கவில்லை. செம்மண் நிறத்தில் வட்ட வட்டமாக நறுக்கி இருக்கிறது.

தேவி: அதேதான். அது வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டிவிடும், உள்ளே ரத்தம் கசியலாம். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டு ஆபத்தில் மாட்டிய வால்வு நோயாளிகளைப் பற்றி ஹாங்காங் மருத்துவர்கள் 1990களிலேயே எழுதியிருக்கிறார்கள்.

சித்தப்பா: அப்படியென்றால் சீன மருந்தெல்லாம் பொய்யா?

தேவி: இல்லை சித்தப்பா, வேலை செய்வதால்தான் பயம். வேரைக் கொதிக்க வைத்தால் சால்வியனோலிக் அமிலங்கள் தண்ணீரில் இறங்கும். ஆய்வுக்கூடத்தில் அவை நல்ல ஆன்டிஆக்சிடன்ட். ஆனால் வைட்டமின் ஈ-யும் ஆன்டிஆக்சிடன்ட்தான், பெரிய ஆய்வுகளில் அது மாரடைப்பைத் தடுக்கவில்லை.

குமரன்: மனிதர்களிடம் சோதித்ததே இல்லையா அக்கா?

தேவி: உண்டு. ச்சீலி ச்சியாங்சின் என்று ஒரு கேப்சூல், தான்ஷென் உட்பட 11 மூலிகைகள். இதயம் பலவீனமான 3,110 பேரிடம் சோதித்து 2024-இல் முடிவு வெளியிட்டார்கள். இதய நோயால் இறந்தவர்களும் இதயச் செயலிழப்பு முற்றி மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களும் வெற்றுக் கேப்சூல் சாப்பிட்டவர்களில் 100-க்கு 30, மருந்து சாப்பிட்டவர்களில் 25. வழக்கமான மாத்திரைகளை நிறுத்தாமல், அவற்றோடு சேர்த்துக் கொடுத்தது அது. அளவு பார்த்துச் செய்த கேப்சூல். நம் சட்டியில் எவ்வளவு இறங்கும் என்று யார் சொல்ல முடியும்?

பெரியம்மா: பாட்டி மனசு நோகுமே.

தேவி: வார்ஃபரின் சாப்பிடுகிறார் என்று மட்டும் சொல்லுங்கள். பாட்டி பார்க்கும் சீன வைத்தியருக்கே இது தெரிந்திருக்கும். பொட்டலத்தைப் படம் எடுத்து இங்கே நம் குழுவில் போடுங்கள், ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது காட்டுவோம்.

பெரியம்மா: சரிம்மா. அப்புறம்... அமெரிக்க ஜின்செங் தேநீரும் கொடுத்தார். அதை உங்கள் பெரியப்பா நேற்று ஒரு கோப்பை குடித்துவிட்டார்.

தேவி: அது வார்ஃபரினை மட்டுப்படுத்தும். ஒரு கோப்பைக்குப் பயப்பட வேண்டாம், இனி கொடுக்காதீர்கள். மாத்திரை அளவை நீங்களாக மாற்றவும் வேண்டாம். வார்ஃபரின் கிளினிக்குக்கு இப்போதே போன் செய்து சொல்லிவிடுங்கள்.

பெரியம்மா: போன் போட்டுவிட்டேன், மணி அடிக்கிறது.