1901 முதல் ஓடும் கற்பனை பேஸ்பால் லீக்: ஹோம் ரன் கணக்கில் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். சிமுலேஷன் விளையாட்டு ஒன்றில், வீரர்கள் முழுக்கக் கற்பனையாகவும் காலச்சூழல் மட்டும் அமெரிக்க வரலாற்றை ஒட்டியதாகவும் அமைத்து, 1901 முதல் எட்டு அணிகள் கொண்ட லீக் ஒன்றை நடத்தி வருகிறேன்.

உண்மை வரலாற்றில், 1909இல் டை காப் என்ற வீரர் 9 ஹோம் ரன்களுடன் (ஒரே அடியில் நான்கு பேஸ்களையும், அதாவது ஓடித் தொடவேண்டிய இடங்களையும், சுற்றிவந்து எடுக்கும் ஓட்டம்) அமெரிக்கன் லீகில் முதலிடம் பெற்றார். அத்தனையும் பந்து மைதானத்துக்குள்ளேயே கிடக்க, ஓடியே எடுத்தவை. என் லீகின் அதே ஆண்டிலோ இடக்கை ஆட்டக்காரர் ஒருவர் 31 அடித்துவிட்டார். பந்தை மெல்லத் தட்டிவிடும் பண்ட்டும், பந்து அடிக்கப்படாதபோதே அடுத்த பேஸுக்கு ஓடிவிடும் பேஸ் திருட்டும்தான் அந்தக் காலத்து ஆட்டத்தின் உயிர் என்பதால், இது மனத்தை மிகவும் உறுத்துகிறது.

புதிதாக உருவாகும் வீரர்களின் அடிக்கும் வலிமையைக் குறைக்க வேண்டுமா, மைதானங்களின் அளவைக் கூட்ட வேண்டுமா? 1920இல் பேப் ரூத் என்ற வீரர் 54 ஹோம் ரன்கள் அடித்ததுபோன்ற திருப்பத்துக்கும் பின்னாளில் இடமிருக்க வேண்டும். இத்தகைய லீகைப் பல பருவங்கள் நடத்தியவர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.