வீட்டு இன்சூரன்ஸ்ல வெள்ளத் தண்ணி கவர் ஆகுமா? மழைக்கு முன்னாடி எடுக்கணும்

தூத்துக்குடிக்காரன்:
வணக்கம் மக்களே. நமக்கு தூத்துக்குடி, தனி வீடு, தரைத்தளம் மட்டும்தான். 2023 டிசம்பர்ல ஊரே மிதந்துச்சுல்லா, அப்போ வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. ஃப்ரிட்ஜ் மிதந்து போய் அடுக்களை நிலையில குறுக்க மாட்டிக்கிட்டு, பீரோ அடித்தட்டுல இருந்த பட்டுப்புடவை எல்லாம் சாயம் ஊறி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் போச்சு. கவர்மென்ட் குடுத்த 6000 ரூபாயோட சரி. இந்த வருஷம் ஐப்பசிக்கு முன்னாடி ஒரு பாலிசி போட்டுரலாம்னு ஏஜென்ட்ட கேட்டா "சார் எல்லாமே கவர் ஆகும்"ங்காரு, எல்லாமேன்னு சொன்னாலே எனக்கு பயமா இருக்கு. லோன் போடும்போது பேங்க்லயும் இன்சூரன்ஸ்னு ஒரு தொகை பிடிச்சாங்க, அது இதுக்கு ஆகாதா? பைக், சம்ப் மோட்டார், காம்பவுண்டு சுவர் எல்லாம் சேருமா? மாடில டேங்குக்கு நேர் கீழ சீலிங் ஒழுகுது, அதையும் இதுலயே பார்த்துக்கலாமா?

கணக்குப்புள்ள:
முதல்ல அந்த பேங்க் பேப்பரை எடுத்துப் பாருங்க. நிறைய பேருக்கு லோனோட சேர்த்து தள்ளி விடறது உயிருக்கான இன்சூரன்ஸ், அதாவது கடன் வாங்கினவர் போயிட்டா பாக்கி லோனை கம்பெனி அடைக்கும், அவ்ளோதான். வீட்டுக்குள்ள தண்ணி வந்தா அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. வீட்டுக்கே போட்டிருந்தாலும் பெரும்பாலும் கட்டடத்துக்கு மட்டும் இருக்கும், உள்ள இருக்கற சாமானுக்கு இருக்காது.

புதுசா எடுக்கறதா இருந்தா "பாரத் கிரஹ ரக்ஷா"ன்னு பேர் சொல்லியே கேளுங்க. 2021 ஏப்ரல்ல இருந்து ஐஆர்டிஏஐ (இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கற அரசு அமைப்பு) கொண்டு வந்தது, எந்த கம்பெனில எடுத்தாலும் அடிப்படை வாசகம் ஒண்ணுதான். புயல், வெள்ளம், தண்ணி சூழ்ந்து நிக்கறது, நிலச்சரிவு, டேங்க் பைப் வெடிக்கறது நிரம்பி வழியறது எல்லாம் அதுக்குள்ளயே வருது, தனியா ஆட்-ஆன் வாங்க வேண்டியதில்ல. காம்பவுண்டு சுவர், கேட், தண்ணித் தொட்டி, செப்டிக் டேங்க், சோலார் பேனல் வரைக்கும் கட்டடத்துல சேரும். பைக் சேராது, அதுக்கு வண்டி இன்சூரன்ஸ்தான், அதுவும் தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருந்தா ஒரு பைசா வராது. ரொக்கமும் சேராது, நகைக்கு தனியா சொல்லி எடுக்கணும்.

தொகை போடறப்ப தான் எல்லாரும் கோட்டை விடறாங்க. மனை விலையை சேர்க்காதீங்க, திரும்ப கட்ட என்ன ஆகும்கறதுதான் கணக்கு. உதாரணத்துக்கு 900 சதுர அடி கார்ப்பெட் ஏரியா (சுவருக்குள்ள இருக்கற தரையளவு), சதுர அடிக்கு 2200ன்னா 19,80,000. அதுல 20 சதவீதம் சாமானுக்கு தானா வந்துடும், இந்த கணக்குல 3,96,000. எவ்ளோ பெரிய வீடா இருந்தாலும் அந்த தானா வர்றது 10 லட்சத்தைத் தாண்டாது. அதுக்கு மேல சாமான் இருந்தா லிஸ்ட் குடுத்து கூட்டிக்கலாம்.

சீலிங் ஒழுகல மறந்துடுங்க. கொஞ்சம் கொஞ்சமா ஊறி வர்றது பராமரிப்பு வேலை, எந்த கம்பெனியும் தராது. அதே டேங்க் ஒரு நாள் திடீர்னு வெடிச்சு தண்ணி வீட்டுக்குள்ள இறங்கினா அது வேற கதை. ஒழுகல இப்பவே சரி பண்ணிடுங்க, இல்லன்னா நாளைக்கு உண்மையான கிளெய்ம்லயும் "இது பழைய ஈரம்"னு எழுதிடுவாங்க.

மொட்டைமாடி:
இதெல்லாம் வேஸ்ட் பாஸ், எங்க சித்தப்பா ஒழுங்கா பிரீமியம் கட்டிட்டு வந்தாரு, தண்ணி வந்தப்ப கேட்டதுல பாதி கூட வரல. அந்த காசுக்கு வீட்டு வாசப்படியை ரெண்டடி ஏத்திக் கட்டுங்க.

பள்ளிக்கரணைவாசி:
படியை ஏத்தினா பாத்ரூம் ஓட்டை வழியா வரும் ப்ரோ, எங்க ஏரியால முதல்ல அப்படித்தான் வந்துச்சு 😂 மிக்ஜாம் அப்போ எங்களுக்கு கிளெய்ம் வந்துச்சு, முழுசா இல்ல, ஆனா பரவால்ல. சித்தப்பாவுக்கு ஏன் குறைஞ்சுதுன்னு தெரியாது, எங்க தெருவுல பாதி பேருக்கு குறைஞ்சது ஒரே காரணம்தான், சர்வேயர் (சேதத்தை மதிப்பிட கம்பெனி அனுப்பற ஆள்) வர்றதுக்கு முன்னாடி எல்லாத்தையும் குப்பை லாரில ஏத்தி விட்டுட்டாங்க. நாத்தம் தாங்காது, புரியுது, ஆனா ஒரு போட்டோ கூட இல்லாம மெத்தை போச்சு சோஃபா போச்சுன்னா யார் நம்புவாங்க. தண்ணி வடிஞ்சதும் சுவத்துல ஒரு சேத்துக் கோடு நிக்கும் பாருங்க, அதை கழுவறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ரூம்லயும் பக்கத்துல டேப்போ ஸ்கேலோ வச்சு போட்டோ எடுங்க. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவிக்குப் பின்னாடி சீரியல் நம்பர் ஸ்டிக்கர் இருக்கும், அது இன்னிக்கே எடுத்து மெயில்ல போட்டு வைங்க, பில்லு நனைஞ்சு கூழாயிடும்.

இன்னொண்ணு, ஈரம் காயறதுக்குள்ள மெயின் போட்டு மோட்டார் ஓடுதான்னு பார்க்காதீங்க. வெள்ளத்துல நனைஞ்சு கெட்டதுன்னா கவர், ஷார்ட் சர்க்யூட்ல எரிஞ்சதுன்னா பாலிசில விலக்கு இருக்கு, அதாவது பணம் வராது. காயில் கருகி இருந்தா சர்வேயர் அதைத்தான் முதல்ல கேப்பார்.

கணக்குப்புள்ள:
@மொட்டைமாடி குறைச்சுக் குடுத்தா சும்மா விடக்கூடாது. முதல்ல கம்பெனிக்கே எழுத்துல புகார், 30 நாள்ல பதில் வரலன்னாலோ பதில் சரியில்லன்னாலோ ஒரு வருஷத்துக்குள்ள இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன்கிட்ட (இன்சூரன்ஸ் புகாரை விசாரிக்கற குறைதீர்ப்பாளர்) போகலாம், நம்ம மாநிலத்துக்கு சென்னைல ஆபீஸ். ஃபீஸ் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரைக்கும் விசாரிப்பாங்க. பலபேர் கம்பெனி சொன்ன தொகைக்கு "முழு திருப்தி"ன்னு கையெழுத்து போட்டுக் குடுத்துட்டு அப்புறம் வந்து புலம்புவாங்க, அந்த பேப்பரைப் படிச்சுட்டுப் போடுங்கய்யா.

மாடித்தோட்டம்:
நாங்க வாடகைக்கு இருக்கோம், ஓனர் ஒண்ணும் எடுக்க மாட்டார். எங்க சாமானுக்கு மட்டும் எடுக்க முடியுமா?

கணக்குப்புள்ள:
தாராளமா. சாமானுக்கு மட்டும் எடுக்கலாம், ஓனர் கையெழுத்து தேவையில்ல.

தூத்துக்குடிக்காரன்:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. பேங்க் பேப்பரைப் பார்த்துட்டேன், நீங்க சொன்னாப்ல லோனுக்கு உயிர் இன்சூரன்ஸ்தான். ஒரே ஒரு சந்தேகம், அப்போ நாங்க வீட்டைப் பூட்டிட்டு மச்சினன் வீட்ல போய் இருந்தோம், திரும்பி வந்து பார்த்தா மாடில வச்சிருந்த சிலிண்டரும் மிக்சியும் காணல. அந்த மாதிரி போனா?

பள்ளிக்கரணைவாசி:
வெள்ளம் நடந்து 7 நாளைக்குள்ள அதனால நடந்த திருட்டுன்னா இதுலயே வரும், போலீஸ்ல புகார் குடுத்து அதோட நகலை வாங்கி வச்சுக்கங்க. வீடு இருக்க முடியாத நிலைல இருந்தா வேற வீட்டு வாடகையும் கேக்கலாம், அதுக்கு ரசீது வேணும். மச்சினன் வீட்டுக்கு ரசீது கேட்டா என்ன நடக்கும்னு எனக்கு தெரியாது 😅