ஹவுஸ்ஹோல்டுக்குத் தமிழ்: குடும்பமா, குடித்தனமா?

அனைவருக்கும் வணக்கம்.

மேற்கு வர்ஜீனியாவின் மெக்டவல் கவுண்டியைப் பற்றி மக்கள்தொகை, பொருளாதாரக் குறிப்பு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். 1950இல் 98,887 பேர் வாழ்ந்த நிலக்கரிப் பூமி. 2020 கணக்கெடுப்பில் 19,111 பேர்தான். கவுண்டியைக் கவுண்டி என்றே விட்டுவிட்டேன். ஆட்சியரே இல்லாமல், மக்கள் தேர்ந்தெடுத்த மூன்று ஆணையர்களும் ஷெரீபும் நடத்தும் இடத்தை மாவட்டம் என்றால் படிப்பவர் கலெக்டர் ஆபீசைத் தேடுவார்.

சிக்கல் வேறு இடத்தில். வருமான அட்டவணையில் ஹவுஸ்ஹோல்டுக்கு ஒரு வரி, ஃபேமிலிக்கு ஒரு வரி. தொகை வேறு வேறு. அகராதியைப் புரட்டினால் இரண்டுக்கும் குடும்பம்தான். என்ன செய்யலாம்?

மறுமொழி, மதுரையிலிருந்து:

தம்பி, முதலில் வரையறையைப் பார்த்துவிடுவோம். அமெரிக்கக் கணக்கெடுப்பில் ஃபேமிலி என்றால் பிறப்பாலோ மணத்தாலோ தத்தாலோ உறவான இருவராவது ஒரே வீட்டில் இருக்க வேண்டும். ஹவுஸ்ஹோல்டுக்கு அந்த நிபந்தனை கிடையாது. மெக்டவலின் வெல்ச் நகரத்தில், சுரங்கத் தொழிலாளியான கணவர் இறந்த பிறகு தனியாக வாழும் ஒரு பெண் ஒரு ஹவுஸ்ஹோல்ட், ஃபேமிலி அல்ல. வாடகையைப் பங்கிட்டுக்கொள்ளும் இரண்டு நண்பர்களும் அப்படியே. 1950களில் இயந்திரங்கள் சுரங்கத்துக்குள் இறங்கி ஆட்களை வெளியேற்றின; 1980களில் பெரிய எஃகு நிறுவனமும் கேரி ஊரில் கடையைக் கட்டியது. பிழைப்புத் தேடி இளையவர்கள் போய்விட, முதியவர்கள் தங்கிவிட்டார்கள். ஒற்றையாள் வீடுகளைச் சேர்த்தால் வருமானம் இறங்கும், விலக்கினால் ஏறும். அந்த வேறுபாடுதான் இந்தக் கவுண்டியின் கதை. அதைக் குடும்பம் என்ற ஒற்றைச் சொல்லால் மூடிவிடக் கூடாது.

குடித்தனம் என்று எழுதுங்கள். ‘தனிக்குடித்தனம் போய்விட்டார்கள்’ என்கிறோம். உறவு அறுந்துவிடவில்லை, குடித்தனம் மட்டும் பிரிந்தது. ‘அந்த வீட்டில் நான்கு ஒண்டுக்குடித்தனம்’ என்கிறோம். கட்டடம் ஒன்று, குடித்தனம் நான்கு. நாம் தேடும் பொருள் பேச்சிலேயே தயாராக இருக்கிறது. ‘இல்லம்’ என்றால் முதியோர் இல்லம் நினைவுக்கு வரும். ‘மனை’ என்றால் நிலத் தரகர் வந்து நிற்பார்.

மறுமொழி, சென்னையிலிருந்து:

ஐயா, எனக்கு ஒரு தடை. எங்கள் தெருவில் குடித்தனக்காரர் என்றால் வாடகைக்கு இருப்பவர். மெக்டவலில் பெரும்பாலோர் சொந்த வீட்டில் இருப்பவர்கள். வீட்டின் மதிப்பு எவ்வளவு சரிந்திருந்தாலும் வீடு அவர்களுடையது. அவர்களைக் குடித்தனம் என்றால் பொருள் மாறாதா? இன்னொன்று, நம் இந்தியக் கணக்கெடுப்பில் ஒரே சமையலறையில் உண்பவர்கள்தான் ஒரு ஹவுஸ்ஹோல்ட். குடித்தனம் என்றதும் நம்மவர் மனத்தில் அடுப்புதான் எரியும். அமெரிக்காவில் அடுப்பைப் பார்க்கிறார்களா என்ன?

மறுமொழி, மதுரையிலிருந்து:

அம்மா, நல்ல கேள்வி. முதல் தடையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாடகைப் பொருள் ‘-காரர்’ ஒட்டும்போது வருவது. சொந்த வீட்டில் இருப்பவர்களும் ‘நன்றாகக் குடித்தனம் நடத்துகிறார்கள்’ என்றுதான் பேச்சு. ஆனால் யார் பெயரில் வீடு இருக்கிறதோ அல்லது வாடகைக்கு எடுக்கப்பட்டிருக்கிறதோ அவரைக் குறிக்க ஹவுஸ்ஹோல்டர் என்று ஒரு சொல் இருக்கிறது. அங்கே குடித்தனக்காரர் ஆகாது. குடும்பத் தலைவரும் ஆகாது. தலைவர் என்ற பெயரை அமெரிக்கர்களே 1980 கணக்கெடுப்பில் கைவிட்டுவிட்டார்கள். பட்டாதாரரைப் போல ‘பெயர்தாரர்’ என்று வைக்கலாம்.

அடுப்புக்கு வருகிறேன். அமெரிக்கக் கணக்கெடுப்பு பார்ப்பது கதவை. வெளியிலிருந்தோ பொது நடையிலிருந்தோ நேரே நுழையத் தனி வழி உள்ள உறைவிடம் ஓர் அலகு. அதில் வசிப்போர் எல்லாரும் ஒரு ஹவுஸ்ஹோல்ட், தனித்தனியாகச் சமைத்தாலும் சரி. ஆனால் அதே நாட்டின் உணவு உதவித் திட்டம் அடுப்பைப் பார்க்கிறது: சேர்ந்து வாங்கிச் சேர்ந்து சமைப்பவர்கள்தான் அங்கே ஹவுஸ்ஹோல்ட். இந்தத் திட்டத்துக்கும் மெக்டவலுக்கும் பழைய உறவு உண்டு. 1961 மே 29 அன்று வெல்ச்சில்தான் அந்த ஆண்டு தொடங்கிய முன்னோடித் திட்டத்தின் முதல் உணவு முத்திரைகள் (கடையில் உணவுப்பொருள் வாங்க உதவும் சீட்டுகள்) கொடுக்கப்பட்டன. பெயின்ஸ்வில்லைச் சேர்ந்த ஆல்டர்சன் மன்சி தம்பதியர், 15 பேர் கொண்ட தங்கள் வீட்டுக்கு 95 டாலர் முத்திரைகளைப் பெற்று, முதலில் வாங்கியது ஒரு டப்பா பன்றியிறைச்சி கலந்த பீன்ஸ்.

ஆகவே தம்பியின் குறிப்பில் உணவு உதவி அலுவலகக் கணக்கு எங்காவது வந்தால் அங்கே ‘ஓரடுப்புக் குடித்தனம்’ என்று அடைகொடுத்து எழுதட்டும். மற்ற இடங்களில் வெறும் குடித்தனம் போதும்.

மறுமொழி, யாழ்ப்பாணத்திலிருந்து:

குடித்தனம் எங்களுக்கும் உவப்பானதே. பொருளியல் பாடநூல்களில் நாங்கள் படித்த ‘வீட்டுத்துறை’ இங்கே பொருந்தாது. அது பொருளாதாரத்தின் ஒரு பகுதியைக் குறிப்பது, ஒரு வீட்டை அல்ல. மக்கள்தொகைக்கு நாங்கள் குடித்தொகை என்றே சொல்வதால் பக்கத்தில் குடித்தனம் வந்தால் காதுக்கும் இணங்கும்.

ஆனால் ‘இடைநிலைக் குடித்தன வருமானம்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நடுத்தர வகுப்பாரின் வருமானம் என்று படிப்பார்கள். இங்கே மீடியனுக்கு, அதாவது எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்கும் எண்ணுக்கு, இடையம் என்று ஒரு சொல் பள்ளியிலிருந்தே உண்டு. ‘குடித்தன வருமான இடையம்’ என்றால் குழப்பம் இல்லை. எது இடையம், எதன் இடையம் என்பது வரிசையிலேயே தெரியும்.

மறுமொழி, முதலில் கேட்டவர்:

ஐயா, அக்கா, யாழ்ப்பாணத்து நண்பரே, மிக்க நன்றி. குடித்தன வருமான இடையம் என்றே போட்டுவிட்டேன். மெக்டவலில் அது 30,000 டாலரைச் சுற்றியே நிற்கிறது. 2022இல் நாடு முழுவதற்கும் ஏறத்தாழ 75,000 டாலர்.

ஒன்று மீதமிருக்கிறது. வெல்ச்சில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் உள்ள கூட்டாட்சிச் சிறை ஒன்று இருக்கிறது. கைதிகள் மக்கள்தொகையில் சேர்கிறார்கள், எந்தக் குடித்தனத்திலும் சேர்வதில்லை. தலா வருமானத்தை வகுக்கும்போது தலைகளில் அவர்களும் உண்டு. வறுமை விகிதத்தில் இல்லை. இவர்கள் இருக்கும் இடத்துக்கு ‘குரூப் குவார்ட்டர்ஸ்’ என்று பெயர். கல்லூரி விடுதியும் படைமுகாமும் முதியோர் பராமரிப்பு மனையும் அதற்குள் அடக்கம். ‘விடுதி’ என்று எழுதினேன். சிறைக்கு அது கொஞ்சம் தாராளமாகப் பட்டது. ‘கூட்டு உறைவிடம்’ சரியா?

மறுமொழி, மதுரையிலிருந்து:

சரி. கைதி, மாணவர், சிப்பாய் மூவருக்கும் பொது. ஆனால் இந்தியக் கணக்கெடுப்பில் சிறையும் விடுதியும் நிறுவன வகை ஹவுஸ்ஹோல்ட். அதாவது நம் கணக்கில் அவையும் குடித்தனமே. நம்மூர்ப் புள்ளிவிவரத்தோடு ஒப்பிட்டு எழுதினால் அட்டவணைக்கு அடியில் இதை ஒரு வரி சொல்லிவிடுங்கள்.