விழிப்போடு கனவுக்குள் போவது எப்படி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். காட்பாடியிலிருந்து எழுதுகிறேன். கனவு என்று தெரிந்தே கனவு காண ஒரு மாதமாக முயல்கிறேன். விடியற்காலையில்தான் கனவுத் தூக்கம் அதிகம் என்பதால் 4.30-க்கு எழுந்து, 20 நிமிடம் உட்கார்ந்திருந்து, மறுபடி மல்லாந்து படுத்து மூச்சை எண்ணுவேன்.

முதலில் ரயில் சத்தம் தூரமாகும். அப்புறம் மூடிய கண்ணுக்குள் ஊதாப் புள்ளிகள் சுழலும். போன வாரம் வேலூர்க் கோட்டை அகழித் தண்ணீரும், கரைக்கல்லில் படிந்த பாசியும்கூட அவ்வளவு தெளிவாகத் தெரிந்தன. உடம்பு மரத்து, காதில் ஒரே இரைச்சல். சரியாக அந்த நேரத்தில் நெஞ்சு படபடக்கும், எச்சிலை விழுங்குவேன், எல்லாம் கலைந்துவிடும்.

அசைய முடியாமல் கிடப்பதை அமுக்குவான் பேய் என்று சொல்லிப் பாட்டி தலையணைக்கடியில் இரும்புத் துண்டு வைத்திருக்கிறார். கனவு நேரத்தில் தசைகள் தளர்ந்து அடங்குவதுதான் அது என்று தெரிந்தும் பயம் விடவில்லை.

1975-இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் கீத் ஹெர்ன் செய்த ஆய்வில், தூங்கிக்கொண்டிருந்தவர், தான் கனவில் இருப்பது தெரிந்தே, முன்பே பேசிவைத்தபடி கண்களை இடம் வலமாக அசைத்துக் காட்டியிருக்கிறார். அதனால் முடியும் என்று நம்புகிறேன்.

அந்தப் படபடப்பை எப்படித் தாண்டினீர்கள்? ஒருக்களித்துப் படுத்தால் சரிவருமா? எச்சில் விழுங்கலாமா?